டெராமனின் இனிக்காத சாஸ்

டெராமனால் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் வாசல் கதவின் கீலை ஆட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசுவார். அவருக்கு லாரி ஓட்டும் வேலை அமைந்தது நல்லதாகப் போயிற்று. தும்பாட் மீன்துறையிலிருந்து ஐஸ் போட்ட மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு, குவா மூசாங் மலைப்பாதை வழியாகக் கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குப் போவார். இறக்கிவிட்டு உடனே திரும்புவார். இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் அவர் பிழைப்பு.

அவர் மனைவி சௌடா அக்கா கோத்தா பாரு பெரிய மார்க்கெட்டில் மெழுகால் பூ எழுதிச் சாயமேற்றிய பாத்திக் துணி விற்கிறாள். நான் பக்கத்து வீடு. தையல் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது இடுப்பளவு வேலிதான் என்பதால், அங்கே என்ன கொதிக்கிறது என்பது எனக்கும், இங்கே என்ன கிழிகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

லாரியில் கியருக்குப் பக்கத்தில் அக்கா கையால் செய்த மிளகாய்ச் சாஸ் பாட்டில் ஒன்று எப்போதும் செருகியிருக்கும். எங்கள் கிளந்தான் மாநிலத்துக்காரர்கள் மீன் குழம்பிலும் சர்க்கரை போடுகிறவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பொய்யில்லை. சாஸில் மிளகாய் பாதி என்றால் சர்க்கரை பாதி. ஊறவைத்த காய்ந்த மிளகாயைப் பூண்டோடு அரைத்து, வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி விழும்வரை கொதிக்கவிட வேண்டும். டெராமன் அதைச் சோற்றில் ஊற்றிக்கொள்வார், சுட்ட மீனில் ஊற்றிக்கொள்வார், பொரித்த வாழைப்பழத்துக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்வார். ஒருமுறை தர்பூசணியில் ஊற்றித் தின்றதை நானே பார்த்தேன்.

மலைப்பாதையில் ஒரு வளைவில்தான் அது ஆரம்பித்தது. எதிரே வந்த வண்டி இரண்டாகத் தெரிந்ததாம். டெராமன் லாரியை ஓரங்கட்டினார். அவருடைய கிளீனர் கெப்லி, முப்பதைத் தாண்டியவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், மிச்ச தூரத்தை ஓட்டிக்கொண்டு போனான். ஊர் திரும்பியதும் அக்கா அவரை இழுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் இளவயதுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னாளாம்.

"கால்ல இந்தப் புண்ணு எப்பலேர்ந்து இருக்கு?"

"எந்தப் புண்ணு?" என்று கேட்டிருக்கிறார் டெராமன்.

மீன் கூடையின் ஆணி ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. இடது காலின் சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். கனரக வண்டி ஓட்டுகிறவருக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய மருத்துவச் சான்றும் நின்றுபோனது. "சக்கரை இறங்கணும். இறங்கி மூணு மாசம் அப்படியே நிக்கணும். அப்புறம் வாங்க, கையெழுத்தப் பத்திப் பேசலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். லாரியை முதலாளி கெப்லியிடம் கொடுத்தார்.

டெராமன் வீட்டுக்கு வந்தார். அந்த நாட்களில் என் தையல் மெஷினைவிட அவர்தான் அதிகம் ஓடினார். காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே கோழிக்கூட்டை இடம் மாற்றுவார், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார். கழுவிய தொட்டியை மறுபடி கழுவுவார். மதியம் சாய்ந்ததும் மீன் லாரி பெரிய ரோட்டில் போகும். அந்தச் சத்தத்துக்குக் கால்மணி முன்னாலிருந்தே அவர் கேட்டில் நிற்பார். போன பிறகு, "மூணாவது கியர்லயே இழுக்கறான், கழுத" என்று வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அக்கா மார்க்கெட்டுக்குப் போனதும் சாஸ் பாட்டிலைத் தேடுவதுதான் அவருடைய முதல் வேலை. அவள் அரிசி டின்னில் ஒளித்தாள், கண்டுபிடித்தார். துணி மூட்டைக்குள் ஒளித்தாள், அதையும் கண்டுபிடித்தார். ஒருநாள் மாலை அவள் வந்து பார்த்தபோது பாட்டிலில் பாதி இல்லை. சண்டை போடவில்லை. மிச்சத்தை வாய்க்காலில் கொட்டினாள். இனி இந்த வீட்டில் சாஸ் கொதிக்காது என்றாள். அதோடு விடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகச் சொல்லிவிட்டு வந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள். "லேஹா, அவரு தட்டோட வேலிப்பக்கம் வந்தா ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. ஊத்தினே, உன்கூடப் பேச்சே கிடையாது."

மறுநாள் அவர் முக்கு ரோட்டில் பொரித்த வாழைப்பழம் விற்கும் மெக் பிடாவிடம் போயிருக்கிறார். நான் அங்கேதான் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் தலை தெரிந்ததுமே மெக் பிடா சாஸ் பாட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"பழம் வேணும்னா ஒண்ணு எடுத்துக்க. சாஸ் கிடையாது."

"நான் என்ன பச்சப் புள்ளயா, பிடா?"

"பச்சப் புள்ளன்னா குடுத்திருப்பேன். அதுக்குச் சக்கரை வியாதி இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "டெராமன், அடுப்பு மேல ஒட்டியிருக்கறத வேணா நக்கிக்க" என்றார். டெராமனும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துபோனது. பழத்தை எடுக்காமலே திரும்பி நடந்தார். வழியில் மளிகைக் கடையில் நுழைந்து ஒரு பை நிறையக் காய்ந்த மிளகாயோடு வெளியே வந்தார்.

அன்று மதியம் என் மூக்குக்குள் யாரோ முள்ளைச் செருகியது மாதிரி இருந்தது. இருமிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டுக்காரர்களும் வெளியே நின்றார்கள். டெராமன் வீட்டு அடுக்களை ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் சட்டையை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அபே, என்ன பண்றீங்க?" என்றேன். எங்கள் ஊரில் கட்டிய மனைவியும் அபே என்றுதான் கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுக்காரியும் அபே என்றுதான் கூப்பிடுவாள்; பெண்களை மெக் என்போம்.

"மிளகா வறுக்கறேன். கண்ணக் கசக்காத லேஹா, இன்னும் எரியும்."

"மிளகாய யாராவது வறுப்பாங்களா? ஊறத்தான போடணும்."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

சௌடா அக்கா வரும்போது தெருவே வெளியே நின்றது. மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, "வீடு பத்திக்கிச்சா?" என்று கத்தினாள்.

"சாஸ் பண்றேன்" என்றார் டெராமன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். சக்கரை போடல. வேணும்னா பாத்துக்க."

அக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். சட்டியில் சிவப்பாக வினிகர் நின்றது, அடியில் மிளகாய்த் தோல். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "இதுல துணி ஊற வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவர் விடுவதாக இல்லை. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் பொடியை மருந்துக் கடையில் வாங்கி வந்தார். இனிப்பு வந்தது, பின்னாலேயே நாக்கில் ஒரு கசப்பும் வந்தது. சாஸோ தண்ணீராகவே நின்றது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, குழைவைத் தருவதும் அதுதான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சோளமாவைக் கரைத்து ஊற்றினார். கெட்டியானது. பார்க்கவும் அக்காவின் சாஸ் மாதிரியே பளபளத்தது. சின்ன டப்பாவில் அதை எடுத்துக்கொண்டு, மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் காட்டப் போனார். காலில் கட்டு மாற்ற வேண்டிய நாள் என்பதால் நானும் துணைக்குப் போயிருந்தேன்.

அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பெரியவர்களைக் கூப்பிடும் எங்கள் ஊர் 'பொக்' சேர்த்துச் சொன்னாள். "சோளமாவும் உள்ள போனா சக்கரைதான், பொக். வள்ளிக்கிழங்கு, சோறு, மாவு எல்லாம் அப்படித்தான். மாவுச்சத்து கம்மியா இருக்கணும். சாஸ அப்படியே விட்டுடுங்களேன்."

டெராமன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ எந்த ஊரும்மா?"

"ஜொகூர்."

"அதான், எங்க ஊர் நாக்கு உனக்குத் தெரியல" என்று டப்பாவை மூடினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாப்பிடுங்க. கொழகொழன்னு ஆக்கறதுக்கு மாவில்லாம வேற எதாவது போட்டுப் பாருங்க. என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அடுத்த தடவை அவர் வினிகரைக் குறைத்தார். கொல்லையில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் பிலிம்பிக்காயைப் பறித்து, புளிப்புக்கு அதைச் சேர்த்து அரைத்தார். சுவை பரவாயில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பாட்டிலில் ஊற்றி இறுக்க மூடி, கூடத்து அலமாரியில் மேல் தட்டில் வைத்தார். கீழ்த் தட்டில் அக்காவின் துணிகள் இருந்தன. ஒரு கல்யாண வீட்டுக்காக மாப்பிள்ளை வகையறா அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி, வெள்ளைத் தரையில் நீலப் பூ எழுதிய பாத்திக். அதைப் பல வாரம் முன்பே சொல்லி எழுத வைத்திருந்தாள்.

சர்க்கரையும் வினிகரும் இருந்தால் சாஸ் கெடாது. இரண்டும் குறைந்தால் அது வெக்கையில் பொங்கும். அது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை நாள், அக்கா துணிகளைக் கட்டுப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேல் தட்டில் பாட்டில் வெடித்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். சுவரெல்லாம் சிவப்பு. அக்காவின் முகத்தில், முக்காட்டில், மடியில் விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளில் எல்லாம் மிளகாய். முதலில் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன்.

டெராமன் கொல்லையிலிருந்து வந்து நின்றார். "கண்ணுல பட்டுச்சா? மெக், கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா துணியை மடியிலிருந்து இறக்கினாள். எழுந்து முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து, கெட்டுப்போன துணிகளை ஒரு பக்கமும் தப்பித்தவற்றை ஒரு பக்கமும் அடுக்கினாள். அவர் கெட்டதையெல்லாம் வாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். எலுமிச்சம்பழம் தேய்த்தார், சோப்புத் தேய்த்தார். மழை தூறத் தொடங்கியும் எழுந்திருக்கவில்லை. சில துணிகள் தேறின. சிலவற்றில் மிளகாய்க் கறை ரோஜா நிறத்தில் தங்கிவிட்டது. அக்கா கல்யாண வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வேறு துணிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள். அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. சோறு வைத்தாள், மாத்திரையை எடுத்துத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

டெராமனுக்கு அது தாங்கவில்லை. மூன்றாவது நாள் அடுக்களையில் அவள் பின்னாலேயே நடந்தார். எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"திட்டணும்னா திட்டு. சும்மா இருக்காத. ஒரு சாஸுக்காகவா இப்படி? துணிக்கு நான் வேற வழி பண்றேன்."

"துணியப் பத்தி யாரு பேசினா?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்க வெரல ஒரு சின்ன டப்பாவுல வெச்சு என் கையில குடுத்தாங்க. நீங்க மயக்கத்துல இருந்தீங்க. வெள்ளைத் துணில சுத்தி, மோட்டார் சைக்கிள் கூடையில வெச்சு எடுத்துட்டு வந்து, கபர்ஸ்தான் ஓரத்துல நானே குழி தோண்டிப் புதைச்சேன். கூட யாரையும் கூப்பிடல. அடுத்து என்னத்தப் புதைக்கணுமோன்னு நெனச்சுக்கிட்டே தினமும் கடையில உக்காந்திருக்கேன். ஒருத்தி வந்து வெல கேட்டா என்ன சொன்னோம்னே தெரியல. நீங்க வீட்டுக்குள்ள ஓடறீங்க, அபே. நான் உக்காந்த எடத்துலயே ஓடிக்கிட்டிருக்கேன்."

 பிறகு உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்டது. அக்கா மறுநாள் விருந்தாளிகளுக்காக வறுத்த தேங்காய் இடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உலக்கையின் தாளம் மாறியது. டெராமன் வாங்கிக்கொண்டார்.

தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கக்கிக் களியாகும்வரை இடிப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். குழம்பைக் கெட்டியாக்க அதைத்தான் போடுவோம். டெராமன் வாழ்நாள் முழுக்க அதைச் சாப்பிட்டிருக்கிறார், இடித்ததில்லை. கையில் ஒட்டியதை நக்கிப் பார்த்துவிட்டு, "இது இனிக்குதே" என்றார்.

"தேங்கா வறுத்தா இனிக்கத்தான் செய்யும்" என்றாள் அக்கா. மூன்று நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் சாதாரணமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. பொழுது விடிந்தால் வேலிக்கு மேல் ஒரு கரண்டி நீளும். "நாக்க நீட்டு, லேஹா." முதல் நாள் தேங்காய் அதிகமாகி, இறைச்சி இல்லாத ரெண்டாங் கறி மாதிரி இருந்தது. அடுத்த நாள் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. "மிளகா விதைய எடுத்தீங்களா?" என்றால், "விதைய எடுக்கணுமா?" என்பார். சின்ன வெங்காயத்தை அவசரமாக வதக்கினால் கரிந்து கசந்தது. அடுப்பைத் தணித்து, பக்கத்திலேயே நின்று கிளறினால்தான் அதிலிருந்து ஒரு இனிப்பு இறங்கும். நிற்பது அவருக்குத் தண்டனை. ஒரு கையால் கிளறுவார், காலால் அடுக்களைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். பட்டை ஒரு துண்டும் அன்னாசிப்பூவும் எண்ணெயில் போட்டால், இல்லாத இனிப்பை மூக்கு இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. அதை அவர் தற்செயலாகக் கண்டார். அக்கா குழம்புக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து வதக்கிவிட்டார், அதில் பட்டை கிடந்தது.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தது. ஊறவைத்து விதை நீக்கிய மிளகாய், பூண்டு, நன்றாக வதங்கிய வெங்காயம், பிலிம்பிக்காய், வினிகர், உப்பு. எல்லாம் கொதித்துச் சுண்டிய பிறகு இடித்த தேங்காய். ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்ததும் இறக்கிச் சின்னச் சின்ன ஜாடிகளில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். அலமாரிப் பக்கமே போக மாட்டார்.

அக்காவின் தட்டில் ஒரு கரண்டி வைத்துவிட்டு எதிரே நின்றார். அவள் சுட்ட அயிலை மீனைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை தொட்டாள்.

"இது சாஸ் இல்ல" என்றாள்.

"பின்ன?"

"என்னன்னு தெரியல. ஆனா சாப்பிடலாம்."

அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "சௌடாவே சாப்பிடலாம்னுட்டா." கெப்லி ஒருநாள் மீனோடு பார்க்க வந்தபோது அவனுக்கும் ஒரு ஜாடி கொடுத்தார். அவன் சுவைத்துவிட்டு, "பொக், எல்லாம் நல்லாருக்கு. சக்கரை போட மட்டும் மறந்துட்டீங்க" என்றான். அடிக்கக் கை ஓங்கினார்.

இனிக்கிற சாஸ் இல்லாமல் சோறு அவ்வளவாக இறங்கவில்லை. மீனும் முட்டையும், பச்சையாகக் கடிக்கும் சிறகவரையும் தட்டில் கூடின. மழைக்காலம் வந்தது. ஆறு வீங்கிக் கரையோரத்து வாழைகளை மூழ்கடித்தது. அடைமழையில் டெராமன் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்தே ஒரு தடம் போட்டார். விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். குறைந்தால் ஜன்னல் வழியே எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். ஏறினால் ஜன்னல் சாத்தியிருக்கும். புண் ஆறிக்கொண்டு வந்தது. லாரி சத்தம் கேட்கும்போது இப்போது திட்டவில்லை. "வர்ற மாசம்" என்று மட்டும் சொல்வார்.

அந்த மாதமும் வந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு தனியாகவே மருத்துவமனைக்குப் போனார். அக்கா கூட வருகிறேன் என்றதற்கு, "கையெழுத்து வாங்க ஊர்வலமா போகணுமா?" என்றார்.

மதியம் ஆகியும் அவர் வீடு திரும்பவில்லை. போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா கடையை மூடிவிட்டு வந்தாள். நான் அவள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். முதலில் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னாள். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக. ஆனால் கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. அது பல வருஷத்து வேலை. லேசர் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். "பெரிய வண்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்கா. அவருகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னு சொல்லிட்டு எழுந்து போனாரு. அவ்வளவு அமைதியா போனதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

அக்கா வண்டியை விரட்டினாள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. மெக் பிடாவின் கடையில் அவர் இல்லை. பள்ளிவாசலில் இல்லை. படகுத் துறைக்குப் போனோம். ஆறு செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. அக்கா துறையின் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்தாள். "வாங்கக்கா" என்று முக்காட்டைப் பிடித்து இழுத்தேன். மீன்துறையில் கேட்டோம். மழைக்குப் பயந்து லாரி சீக்கிரமே கிளம்பிவிட்டது என்றார்கள். டெராமனைப் பார்த்தீர்களா என்றால், பார்த்ததாக ஒருவர் சொன்னார், எந்தப் பக்கம் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கேதான் அக்காவின் போன் அடித்தது. கெப்லி. சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது; அக்காவைக் கக் என்றுதான் கூப்பிடுவான்.

"கக், கோவிச்சுக்காதீங்க. பொக் என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

"எங்க?"

"லாரியிலதான். இப்ப குவாலா கிராய் தாண்டியாச்சு. ஏறி உக்காந்துட்டாரு, எறங்க மாட்டேன்னுட்டாரு. என் கிளீனரப் பஸ்ல போடான்னு வெரட்டிட்டாரு. நான் என்ன பண்றது? இத்தன வருஷம் அவரு சொன்னதக் கேட்டுத்தான பழக்கம்."

அக்கா அப்படியே ஒரு மீன் கூடையின் மேல் உட்கார்ந்தாள்.  "குடு அவர்கிட்ட."

லாரியின் இரைச்சல் வந்தது. பிறகு டெராமனின் குரல். "கையெழுத்து கிடைக்கல, மெக்."

"தெரியும்."

"சக்கரை எறங்கிடுச்சு. அத டாக்டரே சொன்னா."

"அதுவும் தெரியும்." அக்கா முக்காட்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திர எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்ல."

"கால்ல என்ன? செருப்பா, பூட்ஸா?"

அந்தப் பக்கம் டெராமன் இருமினார்.

"செருப்புதான். கெப்லிகிட்ட பூட்ஸ் இருந்தா வாங்கிப் போட்டுக்கங்க. மார்க்கெட்டுல ஆணியும் ஐஸுமா கெடக்கும். வழியில மருந்துக் கடையில நிறுத்தச் சொல்லி மாத்திர வாங்குங்க, பேர அனுப்பறேன். திரும்பி வாங்க, உங்கள வெச்சுக்கறேன்."

மறுநாள் லாரி திரும்பும்போது அக்கா துறையில் நின்றாள். டெராமன் இறங்கினார், இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸோடு. அக்கா அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தாள். மீன் தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்து நின்றார். முகத்தில் என்னவோ ஒரு தெளிவு இருந்தது.

லேசர் வைத்துக்கொண்டார். கண் அதற்குமேல் கெடவில்லை. கெப்லியின் பழைய கிளீனர் வேறு லாரிக்குப் போய்விட்டான். டெராமன் அந்த இடத்துக்கு வந்தார். தான் ஓட்டிய லாரியில், தன்னிடம் வேலை பழகியவன் பக்கத்தில், கிளீனராக. முதலில் ஊர் சிரித்தது. மெக் பிடா, "சம்பளம் கெப்லியா தர்றான், இல்ல நீ அவனுக்குத் தர்றியா?" என்று கேட்டாள். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒன்பது கால்விரலோடு கூடைகள் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுகிறார். வழியெல்லாம் பிரேக் பிடிப்பதைக் குறை சொல்கிறாராம். "இன்னொரு தடவ மூணாவது கியர்னு வாயத் திறந்தா மலையிலயே எறக்கி விட்டுடுவேன்" என்று கெப்லி மிரட்டியிருக்கிறான். இரண்டு பேரும் ஒரு முழுப் பயணம் பேசாமலே போய் வந்ததும் உண்டு.

சர்க்கரை ஒரே மாதிரி நிற்பதில்லை. போன ஹரி ராயாப் பெருநாளுக்கு வீடு வீடாகப் பலகாரம் தின்றார், ஏறிவிட்டது. ஒரு வாரம் ஜன்னல் சாத்தியே இருந்தது. அக்கா அவரிடம் கத்தினாள், பிறகு தானே தேங்காய் வறுக்க உட்கார்ந்தாள். மார்க்கெட்டுக்காரிகளுக்காக இனிப்புச் சாஸ் மறுபடியும் கொதிக்கிறது. ஆனால் அது அக்காவின் மார்க்கெட் தோழி ஒருத்தி வீட்டு அடுப்பில் நடக்கிறது. இந்த வீட்டுக்குள் அது வருவதில்லை.

நேற்று மதியம் லாரி எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து நின்றது. டெராமன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருக்கும்போதே கெப்லி ஹாரன் அடித்தான். "இருடா, உன் மாமனார் வீட்டுக்கா போற, இவ்வளவு அவசரம்" என்று அவர் கத்தினார். சௌடா அக்கா வாசலில் நின்று, அவர் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு ஓடுவதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். லாரி கிளம்பிய பிறகும் முனையிலேயே நின்றாள்.

"வாங்கக்கா, வெயில் அடிக்குது" என்றேன்.

"குவாலா கிராய் தாண்டினதும் போன் பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே என்னோடு நடந்தாள்.